பயணத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!



தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காலையிலிருந்து நாலு தடவை வயிற்றால் போயிருந்தது. நாக்கு வறண்டு துவண்டு கிடந்தது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன்.

"குடிச்சா இன்னும் போகுமே சார்! பஸ்ஸை எங்க நிறுத்தறது?" என்றாள் தாய். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் வேணாம்" என்றார் தகப்பனார்.

பாசம் இல்லாமலா அப்படிச் சொன்னார்கள்? ஆனால் இந்த எண்ணம்தான் ஆபத்து. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டையா அடைபடும்? குடம்தான் காலியாகும். பேதியில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவதே உயிருக்கு உலை வைக்கிறது.

என்னிடம் உப்பு சர்க்கரைப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) இருந்தது. கரைத்துக் கொடுத்தோம். தாய் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கண்டக்டரும் கேட்ட இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார். திண்டுக்கல் வருவதற்குள் பிள்ளை கண் திறந்து பார்த்தது. இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லைப்புற அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலானபிஸ் இவ்வகைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

புறப்படும் முன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இலவசமாக வாங்கி வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், டம்ளர், கரண்டி, சோப்பு ஆகியவையும் பையில் இருக்கட்டும்.

கொடுக்கும் முறை

1. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

2. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடவே கூடாது.

3. ஒவ்வொரு தடவை போனபிறகும் 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கால் முதல் அரை டம்ளர். பெரிய பிள்ளைக்கு அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மெதுவாகக் கரண்டியால் கொடுங்கள்.

4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, தயிர்சாதம் கொடுக்கலாம். கலர், சோடா வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

5. சுகாதார நிலையத்தில் தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமல் மயங்கிக் கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊர் போய்ச் சேரக் காத்திருக்காதீர்கள். வழியிலேயே இறங்குங்கள். 108-ஐ அழையுங்கள். போகும் வழியிலும் குடிக்க முடிந்தால் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

தாய் ஊட்டட்டும், தகப்பன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லட்டும். கூச்சம் பார்க்க வேண்டாம்.

எத்தனை தடவை போகிறதோ, அத்தனை தடவை கொடுங்கள்!