யார் வீடு என்று கேட்பவரைக் கூப்பிடு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு, மாமா எழுதுவது.

ராமக்கல்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். முன்கதவில் நைட் லாட்ச் பூட்டு என்றும் சொன்னாள். காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற அளவுக்குக் காற்றடிக்கும் ஊரில், சாத்தினாலே பூட்டிக்கொள்கிற கதவு! காயப்போட்ட துணியை எடுக்க நீ வெளியே வருகிற நேரம் ஒரு காற்று அடித்தால் போதும். சாவியும் செல்போனும் உள்ளே, நீ வெளியே. ஹார்டுவேர் கடையில் பூட்டுகளோடு பாதி ஆயுசைக் கழித்தவன் என்பதால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

பூட்டிக்கொண்ட பிறகு திறக்க ஆள் தேடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே நெடுங்கண்டம் கடைவீதிக்குப் போ. கட்டப்பனைக்கு வேலையாகப் போனால் அங்கேயும் பார். சாவி வெட்டும் கடைப் பலகையில் மலையாளத்தில் தாக்கோல் என்று எழுதியிருக்கும். உன் வீட்டுச் சாவிக்கு ஒரு கள்ளச்சாவி வெட்டச் சொல்லிவிட்டு, மிஷின் ஓடும்போது பக்கத்திலேயே நில். சாவி உனக்கு எப்படியும் தேவை. ஆளை எடைபோடவும் அது ஒரு சாக்கு. எத்தனை வருடமாக இந்த இடத்தில் இருக்கிறார், வீட்டுக்கு வந்து பூட்டுத் திறப்பாரா, ராத்திரி வருவாரா, வந்தால் என்ன கூலி? அங்கேயே கேட்டு நம்பரை வாங்கிக்கொள். பக்கத்து டீக்கடையிலும் ஒரு வார்த்தை விசாரி. நாளைக்கும் அதே பெட்டிக்கடையில் உட்கார வேண்டியவர் உன்னிடம் தப்பு செய்யத் தயங்குவார். எங்கிருந்தோ வந்து போகிறவருக்கு அந்தத் தயக்கம் இருக்க அவசியமில்லை.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது வேறொன்று. நீ போன் செய்து “வீடு பூட்டிக்கொண்டது, வாங்க” என்றதும், “யார் வீடு? நீங்க யாரு? வீட்டுக்காரர் இருக்காரா?” என்று கேட்கிறாரா? கேட்டால் கோபப்படாதே. அவர்தான் உனக்கு வேண்டிய ஆள். ஆதார் அட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும், ஆகவே வீட்டுக்காரம்மாவையோ பக்கத்து வீட்டாரையோ கூட நிறுத்தி, “இவங்க வீடுதான்” என்று சொல்லச் சொல். ஒன்றுமே கேட்காமல் சட்டென்று திறந்து கொடுக்கிறவர், நாளைக்கு வேறு எவன் வந்து கேட்டாலும் உன் கதவை அதே வேகத்தில் திறந்து கொடுப்பார்.

திறக்கிற வித்தை அபூர்வமில்லை, அம்மிணி. லண்டனில் பிராமா கம்பெனிக்காரர்கள் ஒரு பூட்டைக் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 60 வருடத்துக்கு மேல் சவால் விட்டிருந்தார்கள். 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டார். அந்தப் பூட்டுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு லாட்ச் எம்மாத்திரம்? அதனால் கைத்திறமையோடு நின்றுவிடாமல் ஆளின் குணத்தையும் பார்த்து வை என்கிறேன்.

வேலை தெரிந்தவர் எப்படித் திறப்பார் என்றும் தெரிந்துகொள். கதவு சும்மா சாத்திக்கொண்டதுதான் என்றால், இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை விட்டுப் பூட்டின் நாக்கைத் தள்ளிப் பார்ப்பார். பல நேரம் அதோடு முடிந்துவிடும். சாவியே தொலைந்த தொங்கு பூட்டு என்றால், வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவைத்து, துவாரத்தில் விட்டு அழுத்தித் திருகி வெளியே எடுப்பார். கரியில் ஊசிமுனை அளவுக்குத் தடம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி துவாரம். பூட்டு கழன்று விழும் வரைக்கும் அவசரமே இருக்காது. வந்தவுடன் டிரில் மிஷினை எடுத்து, “ஓட்டை போட்டாத்தான் ஆகும், புதுப் பூட்டு நானே தர்றேன்” என்பவரை நிறுத்தி, ஏன் என்று கேள். சில பூட்டுக்கு அது தேவைப்படும்தான். ஆனால் அது கடைசி வழி.

இணையத்தில் தேடினால் முதலில் வரும் நம்பர் நெடுங்கண்டத்தில் இருக்கும் என்று நினைக்காதே. கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் எடுத்து, இன்னொருவருக்குக் கைமாற்றிவிடலாம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலையேறி ஒருவர் ராத்திரி வருவதானால் வண்டிக்கூலி கேட்பார், அது நியாயம்தான். ஆனால் வருகிற கூலி எவ்வளவு, திறக்க எவ்வளவு, புதுச் சாவி போட்டால் எவ்வளவு என்று போனிலேயே பேசி முடித்துவிடு. ‘புக்கிங்’ என்று சொல்லி லிங்க் அனுப்பினாலோ ஓடிபி கேட்டாலோ போனை வைத்துவிடு. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே, உடனே 1930-க்கு அடி.

அடுப்பில் குக்கர் இருக்கிறது, குழந்தையோ வயசானவரோ உள்ளே மாட்டிக்கொண்டார் என்றால் சாவிக்காரருக்குக் காத்திருக்கவே கூடாது. 101, தீயணைப்புப் படை. வெளியே தனியாக நிற்கப் பயமாக இருந்தால் 112.

வேலை நடக்கும்போது கூட ஒருவர் இருக்கட்டும். தனியாகத்தான் இருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடாதே. அரைகுறையாக வெட்டிப் பார்த்த சாவி உட்பட எல்லாச் சாவியையும் எண்ணி வாங்கு. சாவியைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே, படத்தைப் பார்த்தே வெட்டத் தெரிந்தவர்கள் உண்டு. உனக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர்களிடம் ஒரு சாவி தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி முன்பூட்டை மாற்றிவிடு. செலவு பெரிதில்லை.

மழைக்காலத்தில் கதவுக்கட்டை ஊதிக்கொண்டு சாவி திரும்பாது. தேங்காய் எண்ணெய் ஊற்றாதே, தூசியைச் சேர்த்து இன்னும் இறுகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரிப்பொடியைத் துவாரத்தில் போடு.

வெட்டுகிற கள்ளச்சாவியை வாசல் மிதியடிக்குக் கீழேயோ பூந்தொட்டியிலோ வைக்காமல் வீட்டுக்காரம்மாவிடமே கொடுத்து வை. சாவிக்காரர் நம்பரை உன் போனில் மட்டும் வைத்திருந்தால் என்ன பயன்? வீட்டுக்காரம்மாவிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடு. அடுத்த மாதம் நானும் அத்தையும் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக வருகிறோம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு, கையால் செய்தது, ஒன்று வாங்கி வருகிறேன். பின்கதவில் கொண்டி எந்த அளவு என்று அளந்து வை.

அன்புடன்,
மாமா