பதிவேடுகளில் அகப்படாத நோயாளிகள்: லூப்பஸ் நோயை மதிப்பிடும் முறை

பெருநகர மும்பையின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 124 இலட்சம். இவர்களுள் லூப்பஸ் நோயுற்றோர் எத்தனை பேர்? தில்லியை அடுத்த கிராமப் பகுதியில் நடத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வின் வீதத்தைக் கொண்டால் சுமார் 400 பேர். பிரிட்டனின் பொது மருத்துவர் பதிவேடுகள் 2012ஆம் ஆண்டுக்குக் காட்டும் வீதத்தைக் கொண்டால் சுமார் 12,000 பேர். இந்நோய்க்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்று கொண்டாலும், ஆண்டுத் தேவை முதற் கணக்கில் 1.46 இலட்சம், இரண்டாவதில் 43.8 இலட்சம். 2020 மார்ச்சில் கோவிட் நோய்க்கென இம்மருந்து பெரிதும் தேடப்பட்டு, மத்திய அரசு அதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, எந்த எண்ணை நம்புவது என்ற கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை.

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்குவதால் விளையும் நோய் லூப்பஸ். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களையே மிகுதியும் பற்றுகிறது. மூட்டுவலி, காய்ச்சல், முகத்தில் தடிப்பு, சிறுநீரகக் கோளாறு எனப் பல வடிவங்களில் தோன்றுவதால், நோயாளி பல மருத்துவர்களைக் கண்ட பின்னரே நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைக்காத நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மேற்கூறிய இரு வீதங்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. தில்லி ஆய்வில் 91,888 பேரிடையே கண்டறியப்பட்டவர் மூவர். இலட்சத்துக்குச் சுமார் 3. இன்னும் ஒருவர் அகப்பட்டிருந்தால் வீதம் 4.4 ஆகியிருக்கும், ஒருவர் தவறியிருந்தால் 2.2. பிரிட்டனிலோ இவ்வீதம் 1999இல் இலட்சத்துக்கு 65, 2012இல் 97. ஆனால் ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் வீதம் அதே காலத்தில் அங்குக் குறைந்தே வந்தது! நோயாளர் நெடுநாள் வாழ்ந்தால் மொத்தம் பெருகும். ஆகவே வீதம் உயர்வதைத் தீய செய்தியாகவே கொள்ளவேண்டியதில்லை. இந்தியருக்கு இந்நோய் இயல்பிலேயே அரிது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. லெஸ்டர் நகரில் இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் வெள்ளையரைவிட மிகுதி என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டியது.

பதிவேடுகளைப் புரட்டுவோர் சொற்களிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘லூப்பஸ் வல்காரிஸ்’ என்பது தோலைப் பற்றும் காசநோய்; பெயரைத் தவிர இந்நோயோடு அதற்குத் தொடர்பில்லை. சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் உறுப்புகளைப் பற்றும் லூப்பஸின் குறியீடு எம்32. சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்டவர் இக்குறியீட்டின்கீழ் வரமாட்டார். 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்வோருக்கானது; புறநோயாளியாகவே மருந்துண்டு வருவோர் அதன் கணக்கில் புலப்படுவதில்லை.

இரு பட்டியல் முறை

குறையுள்ள ஒரு பட்டியலால் ஆகாததைக் குறையுள்ள இரு பட்டியல்கள் செய்துவிடக்கூடும். 1949இல் சி. சந்திரசேகரன், அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டெமிங்குடன் சேர்ந்து இதை விளக்கினார். கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் பதிவாளரின் பிறப்பு, இறப்புப் பட்டியலை வீடுவீடாகத் திரட்டிய பட்டியலுடன் ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டோரை மதிப்பிட்டார். (குளத்து மீன்களுக்குக் குறியிட்டு விட்டு, மீண்டும் பிடித்து எண்ணுவோர் கையாள்வதும் இதே கணக்குத்தான்.) 1956இல் பம்பாயில் நிறுவப்பெற்று, இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமாக விளங்கும் நிலையத்துக்கு அவர் பின்னர் இயக்குநரானார். இவ்வகைக் கணக்கு அமெரிக்காவின் லூப்பஸ் பதிவேடுகளிலும் கையாளப்பட்டுள்ளது.

தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளுக்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மருத்துவமனைப் பட்டியலில் 120 பேர். ஆய்வுக்கூடச் சோதனை வழியே உறுதியானோர் பட்டியலில் 90 பேர். இரண்டிலும் உள்ளோர் 60 பேர். 120ஐ 90ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 180. பட்டியல்களில் கண்டோர் 150 பேரே. ஆகவே 30 பேர் இரண்டிலும் விடுபட்டுள்ளனர்.

இக்கணக்கு, ஒரு பட்டியலில் சேர்வது மற்றதில் சேர்வதைப் பாதிக்காது என்னும் எடுகோளின்மேல் நிற்கிறது. மும்பையில் அது எளிதில் பிழைபடும். சயான் மாநகராட்சி மருத்துவமனை மருத்துவர் தம் நோயாளரையே சோதனைக்கு அனுப்பினால் இரு பட்டியல்களும் ஒன்றையொன்று ஒத்துப்போகும், மதிப்பீடு குறையும். மாறாக, தாராவியின் ஏழைகள் மாநகராட்சி மருத்துவமனைக்கும், மாதுங்காவின் வசதியுள்ளோர் தனியார் ஆய்வுக்கூடத்துக்கும் பிரிந்து சென்றால், பொதுவானோர் குறைந்து மதிப்பீடு வீங்கும். பகுதி, வயது, வருவாய் எனப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதே இதற்குத் தக்க வழி. இவ்வாறு பிரிப்பதைச் சந்திரசேகரனும் டெமிங்கும் அன்றே பரிந்துரைத்தனர்.

முகவரிச் சிக்கலுக்கும் இந்நகரிலேயே முன்மாதிரி உண்டு. 1963இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கிய பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவேடு, சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்தோரை விலக்கி, நகரில் குடியிருப்போரை மட்டுமே எண்ணியது. விவரம் தானாக வரும் என்று காத்திராமல், பணியாளரே மருத்துவமனைகளுக்குச் சென்று திரட்டினர். லூப்பஸில் இடர் மறுபுறமும் உண்டு. நோய் முற்றியதும் தாராவியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பிவிடும் பெண், மும்பைப் பட்டியலில் நோயாளியாகவே நீடிப்பாள். ஊர்ப் பட்டியலிலும் புதிதாக ஏறுவாள். 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் மின்னணுத் திட்டத்தின் 14 இலக்கச் சுகாதார எண், இவ்விரு பதிவுகளும் ஒருவருடையவை என்று காட்டவல்லது. ஆனால் இரு மருத்துவமனைகளிலும் அவ்வெண் கேட்டுப் பதியப்பட்டிருக்க வேண்டும்.