மூழ்குமிடம் தேர்தல்

முன்னாளில் முத்துக் குளிப்போர் மூச்சடக்கியே கடலில் மூழ்கினர். 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவராகிய கூஸ்தோ, காஞான் என்னும் இருவர் மூச்சுக் கருவியொன்றை அமைத்தனர். அதனால் இந்நாளில் காற்றுக் கலத்தைச் சுமந்து, நெடுநேரம் நீரடியில் உலவலாம். ஆயின், மூழ்குதற்குரிய கடல் யாது?

முதற்கண் நோக்கத்தக்கது நீரின் தெளிவு. செங்கடலில் வற்றாத ஆறு எதுவும் கலப்பதில்லை, மழையும் அரிது. ஆதலின், வண்டல் கலவாத அவ்விளஞ்சூட்டு நீரில் பவளப் பாறைகள் செழித்து விளங்குகின்றன.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் அந்தமான் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனித் திங்களில் அமைதியுறும்.

இவ்விரண்டினும் தலையாயது தன் வலியறிதல். 10 மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை நீரழுத்தம் ஒரு வளிமண்டல அளவு மிகும். மூச்சையடக்கி மேலெழுவோன் நுரையீரல், உள்ளிருக்கும் காற்று விரிதலால் கிழியவுங்கூடும். தொடக்கப் பயிற்சி பெற்றார்க்கு 18 மீட்டரே எல்லை. எகிப்து நாட்டுத் தாகாப் என்னும் ஊரருகே 'நீலக்குழி' உளது. அதனுள் 50 மீட்டருக்கும் கீழுள்ள பாறை வளைவைக் காண விழைந்து உயிர் துறந்தோர் பலர்; அவருள் தேர்ந்தவரும் உளர்.

மாணவர்களே! கடலின் அழகு நம்மை அழைக்கும். எல்லையை நாமே வகுத்தல் வேண்டும். மீண்டு வருதற்கு இயலும் இடமே மூழ்குதற்கு ஏற்ற இடமாகும்.