சராசரி என்னும் அளவுகோல்

ஆண்டுதோறும் நமது சங்கங்களின் மகாசபைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கை வாசிக்கப்படுகிறது. "நமது சங்கத்தில் தவணை தவறிய கடன் மாவட்டச் சராசரியைவிடக் குறைவு" என்னும் வாக்கியம் வந்ததும் கூடியிருப்போர் மனநிறைவு கொள்கின்றனர். "சராசரியைவிட அதிகம்" என்று வந்துவிட்டாலோ நிர்வாகக் குழுவினர் தலைகுனிகின்றனர். அந்தச் சராசரி எவ்வாறு கணக்கிடப்பட்டது, அதில் எந்தெந்தச் சங்கங்கள் சேர்ந்தன, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று எழுந்து கேட்கும் அங்கத்தினர் மிகச் சிலரே.

நாட்டின் காரியமும் இதுவேயாகும். நமது அரசாங்கத்தின் பொதுப் பணிகள், அதாவது மருத்துவம், கல்வி, குடிநீர் முதலியன, உலகச் சராசரிக்கு மேல் நிற்கின்றன என்று ஒரு நாளும், கீழ் நிற்கின்றன என்று மறுநாளும் செய்தி படிக்கிறோம். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். அரசாங்கம் என்பதும் நாம் அனைவரும் அங்கம் வகிக்கும் ஒரு பெரிய சங்கமே. நாம் செலுத்தும் வரியே அதன் பங்குத் தொகை. ஆகையால் அதன் கணக்கைப் படிக்கக் கற்பது அங்கத்தினர் கடமையாகும். அதற்கு வேண்டிய சில பாடங்களை இங்கே ஆராய்வோம்.

முதற் பாடம்: ஒரே அளவுகோல்தானா?

நாற்பதாம் நம்பர் நூலில் துண்டு நெய்பவர் ஒரு நாளில் நெய்யும் நீளத்தையும், எண்பதாம் நம்பர் நூலில் சேலை நெய்பவர் நெய்யும் நீளத்தையும் ஒப்பிட்டு, "இவர் சுறுசுறுப்பானவர், அவர் சோம்பேறி" என்று எந்த நெசவாளரும் கூறமாட்டார். நூல் வேறு, பாவு வேறு, வேலை வேறு. முழக்கோல் ஒன்றாயினும் ஒப்பீடு பிழையாகிவிடும்.

எழுத்தறிவை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73 பேர். அக்காலத்து உலகச் சராசரி நூற்றுக்கு 84. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினொரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம் என்று சொல்வது எளிது. ஆனால் நமது கணக்கெடுப்பு 7 வயது முதற்கொண்டு எண்ணுகிறது. உலகக் கணக்கு 15 வயது முதற்கொண்டு எண்ணுகிறது. பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியரைச் சேர்த்தால் விகிதம் உயரும் என்பது வெளிப்படை. உலகக் கணக்கின் முறைப்படியே 15 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் எண்ணினால் நமது விகிதம் ஏறத்தாழ 69 ஆகக் குறைகிறது. பின்தங்கிய தூரம் பதினொன்று அன்று, பதினைந்து. சொல் ஒன்றாக இருப்பதனாலேயே பொருளும் ஒன்றாக இருந்துவிடாது என்பது முதற் பாடம்.

இரண்டாம் பாடம்: எவரைச் சேர்த்த சராசரி?

ஒரு வட்டாரத்தில் பத்துச் சங்கங்கள் உள்ளன. ஒன்று மிகப் பெரியது, ஒன்பது சிறியவை. பத்தின் வைப்புத் தொகையையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் சராசரி, அந்தப் பெரிய சங்கத்தின் நிழலேயன்றி மற்ற ஒன்பதின் நிலைமை அன்று.

உலகக் கணக்கிலும் இதே சங்கடம் உண்டு. 2018-19ஆம் ஆண்டில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மக்களின் ஆரோக்கியத்துக்காகச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 1.28 பங்கு. உலக நாடுகள் அனைத்தின் அரசுச் செலவையும் ஒரே கணக்காகக் கூட்டினால் அது அக்காலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் இருந்தது. ஆயினும் அந்த ஆறு பங்கில் பெரும்பகுதி அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற செல்வ நாடுகளின் செலவாகும். ஒவ்வொரு நாட்டையும் ஒரு தலையாக எண்ணிச் சராசரி எடுத்தால் எண் கணிசமாகக் குறைந்துவிடும். எந்த முறையில் எடுத்தாலும் நமது செலவு கீழேதான் நிற்கிறது என்பது வேறு செய்தி. எவ்வளவு கீழே என்பது மட்டும் முறைக்கு முறை மாறுகிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை இச்செலவை 2025க்குள் நூற்றுக்கு 2.5 பங்காக உயர்த்த வேண்டுமென்று இலக்கு வகுத்ததும் இக்குறையை உணர்ந்தேயாகும்.

அரசு செலவிடாத தொகையை யார் செலவிடுகிறார் என்பதையும் உடன் கேட்க வேண்டும். அதே 2018-19இல் நாட்டின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 48 பங்கை நோயாளிகளின் குடும்பங்களே தம் கையிலிருந்து கொடுத்தன. 2021-22இல் இது 39 பங்காகக் குறைந்தது. உலகக் கணக்கிலோ இது இருபது பங்குக்கும் உட்பட்டது. நகைக் கடனுக்கு வரும் அங்கத்தினரிடம் காரணம் கேட்டறிந்த சங்கச் செயலாளர்களுக்கு இந்த எண்ணின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் பாடம்: சராசரியைத் தாண்டினால் போதுமா?

பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குத் தமது கூட்டைக் கொண்டுவருகிறார். அன்றைய சராசரி விலையை மட்டும் அவர் பார்ப்பதில்லை. தமது சென்ற அறுவடை என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்கிறார். அன்று ஏலத்தில் உயர்ந்த விலை பெற்ற கூடு யாருடையது, அவர் புழுவுக்கு என்ன செய்தார் என்றும் விசாரிக்கிறார். ஆக, அவர் கையில் இருப்பவை மூன்று கோல்கள்: ஊர்ச் சராசரி, தமது நேற்றைய நிலை, சிறந்தவரின் நிலை.

பிரசவத்தில் தாய்மார் இறப்பதை இம்மூன்று கோல்களாலும் அளந்து பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2000ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு உலகில் 339 தாய்மாரும் இந்தியாவில் 384 தாய்மாரும் இறந்தனர். நாம் உலகச் சராசரியைவிட மோசமான நிலையில் இருந்தோம். 2020இல் உலகச் சராசரி 223 ஆகவும், இந்தியாவின் எண் 103 ஆகவும் குறைந்தன. இருபது ஆண்டுகளில் சராசரிக்குப் பின்னாலிருந்து வெகுதூரம் முன்னால் வந்துவிட்டோம். இது பொதுத்துறையின் சாதனை. கிராமந்தோறும் நடந்து சென்ற செவிலியர், இரவிலும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவித்த திட்டங்கள் ஆகியவற்றின் பயனை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மூன்றாவது கோலை எடுத்தால், அதே ஆண்டில் அதே கணிப்பின்படி அண்டை நாடான இலங்கையின் எண் 29. அது செல்வ நாடு அன்று. நம்மைப் போன்ற மண்ணும் மழையும் உடையதே. நம் நாட்டுக்குள்ளேயே பார்த்தாலும், 2018-20ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அஸ்ஸாமில் 195. சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று தமிழ்நாடு ஓய்ந்துவிடுமானால், கேரளத்தில் பிழைத்திருக்கக்கூடிய ஒரு தாய் இங்கே இறந்துபோவாள்.

நான்காம் பாடம்: சராசரி எதை மறைக்கிறது?

நமது மாவட்டத்தில் பாறையடியிலிருந்து எடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்திருப்பதை அனைவரும் அறிவர். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவதும், வயது முதிர்ந்தோரின் மூட்டுகள் இறுகி எலும்பு வளைவதும் இதன் விளைவுகள். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

ஓர் ஊரில் இரண்டு கிணறுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வடக்குத் தெருக் கிணற்றில் 0.5 மில்லிகிராம், தெற்குத் தெருக் கிணற்றில் 2.5 மில்லிகிராம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.5. "இவ்வூர் நீர் உலக வரம்புக்கு உட்பட்டது" என்று அறிக்கை எழுதிவிடலாம். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் தெற்குத் தெருக் குழந்தை சராசரி நீரைக் குடிப்பதில்லை. தன் தெருக் கிணற்று நீரையே குடிக்கிறது.

இதனை உணர்ந்ததன் விளைவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் அத்திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் அது மக்களின் பயனுக்கு வந்தது. தமிழ்நாட்டின் குடிநீர்ச் சராசரியைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இத்திட்டம் தோன்றியிராது. குறிப்பிட்ட ஊர்களில் குறிப்பிட்ட கிணறுகளை அளந்து பார்த்ததனாலேயே அது தோன்றியது.

எழுத்தறிவிலும் இதே கதைதான். 2011இல் தமிழ்நாட்டின் விகிதம் நூற்றுக்கு 80; நாட்டின் விகிதம் 73. மாநிலம் நாட்டை முந்திவிட்டது. தர்மபுரி மாவட்டத்தின் விகிதமோ 68.5. முந்திய மாநிலத்துக்குள்ளே பிந்திய மாவட்டமாக நாம் மறைந்திருந்தோம்.

நமது சொந்தக் கணக்கு

கடைசியாக, படிப்பதற்கு மனம் கசக்கும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது.

இயற்கையில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்று மிகுதியாகப் பிறக்கின்றன. ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள் என்பது உலகெங்கும் காணும் இயல்பு. 2001ஆம் ஆண்டில் இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். அப்போது மாநிலச் சராசரி 942. அது இயல்பை ஒட்டியே இருந்ததால், மாநில எண்ணைப் படித்தவருக்கு இங்கே நடந்த கொடுமை புலப்பட்டிராது. பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதும், கருவிலேயே அழிக்கப்பட்டதும் மாவட்ட எண்ணில்தான் வெளிப்பட்டன.

அதன்பின் பல முயற்சிகள் ஒன்று சேர்ந்தன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் நமது மாவட்டத்திலேயே முதன்முதலாக அமைக்கப்பட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் அதற்குள் ஊரூராகப் பரவியிருந்தன. கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் நமது எண் 913 ஆக உயர்ந்தது. பத்து ஆண்டுகளில் 87 புள்ளி உயர்வு. நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம்.

ஆயினும் அந்தக் கணக்கை இன்னொரு முறை பிரித்துப் பார்ப்போம். 2011இல் மாவட்டத்தில் எண்ணப்பட்ட ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 87,777. பெண் குழந்தைகள் 80,163. இயல்பான விகிதம் இருந்திருந்தால் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 83,400 பேர் இருந்திருக்க வேண்டும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண் குழந்தைகள் கணக்கில் இல்லை. விகிதமாகச் சொன்னால் காதில் ஏறாத செய்தி, தலைகளாக எண்ணினால் நெஞ்சில் ஏறுகிறது. இந்தக் குறையை மருத்துவத்துறை மட்டும் தீர்த்துவிட முடியாது. அந்த வீடுகளில் நமது அங்கத்தினர் வீடுகளும் இருந்திருக்கக் கூடும்.

செய்யத்தக்கது என்ன?

சராசரி வீணான கருவி என்று நாம் கூறவில்லை. அது கதவைத் தட்டும் கை. கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டியவர் நாமே. உலகச் சராசரிக்கு மேல் என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்து தூங்குவதும், கீழ் என்ற செய்தியைக் கேட்டு அரசை நிந்தித்துவிட்டு அமர்ந்துவிடுவதும் ஒரே வகைச் சோம்பல்தான். கிராம சபையில் நமது ஊர்க் குடிநீரின் பரிசோதனை முடிவைக் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமது பகுதியின் பிறப்புக் கணக்கைக் கேட்கலாம். தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பழகிய கூட்டுறவாளருக்கு இது கடினமன்று.

ஆராய்ச்சிக் கூட்டங்களில் விவாதிக்கத்தக்க வினாக்கள்:

1. நமது சங்கத்தின் கடன் வசூலை மாவட்டச் சராசரியோடு ஒப்பிடும்போது, அந்தச் சராசரியில் எவ்வகைச் சங்கங்கள் சேர்ந்துள்ளன?

2. சங்கத்தின் சராசரி வருமானம் உயர்ந்த ஆண்டில், வருமானம் குறைந்த அங்கத்தினர் எத்தனை பேர்?

3. நமது ஊரில் சென்ற ஆண்டு பிறந்த ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை? சிற்றூரில் ஓராண்டுக் கணக்கு தற்செயலாக ஏறியிறங்கும். ஐந்து ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

மூன்றாம் வினாவுக்கு விடை தேட உலகப் புள்ளி விவரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஊர் அங்கன்வாடி வரை நடந்து சென்றால் போதும்.