மானும் அதன் நிலமும்

முன்னுரை

தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். ஆடு மேய்க்கும் குறும்பர்கள் இங்குக் கோட்டை கட்டி ஆண்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. மேய்ச்சல் நிலமே அவர்தம் செல்வம். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் விலங்கையும் நிலத்தோடு சேர்த்தே எண்ணுகிறார். பிற்கால இலக்கண நூலார் மானையும் முயலையும் முல்லைக்கு உரியன என்பர். விலங்கை அறிய விரும்புவோர் அதன் நிலத்தை அறிதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. அவ்வழியில் நின்று, மான்கள் எத்தகைய நிலத்தை நாடுகின்றன என்பதை யாம் ஈண்டு ஆராய்வோம்.

இருவகை மான்கள்

நாம் பொதுவாக மான் என்றழைக்கும் புள்ளிமானும் வெளிமானும் வேறுவேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. புள்ளிமானின் கிளைத்த கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு கிளைப்பதுமில்லை, விழுவதுமில்லை. இரலை, கலை என்னும் ஆண்பாற் பெயர்கள் புல்வாய்க்கு உரியன என்றும், கலை என்பது உழைக்கும் உரியது என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. மானினத்தை நம் முன்னோர் பிரித்தறிந்தமைக்கு இது சான்றாகும்.

வாழிடத்திலும் இவை வேறுபடுகின்றன. புள்ளிமானுக்கு மேயப் புல்லும், ஒதுங்க நிழலும், அருகே நீரும் வேண்டும். ஆகவே காடும் புல்வெளியும் கூடும் ஓரத்தை அது விரும்புகிறது. அமெரிக்கக் கண்டத்து வெள்ளைவால் மானும் இத்தகையதே. பகலில் மரச்செறிவில் மறைந்திருந்து அந்தியில் காட்டோரம் மேய வரும். வெளிமானோ பெயருக்கேற்பத் திறந்த வெளியில் வாழ்வது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புவதே அதற்குக் காவல். மரங்கள் அடர்ந்துவிட்டால் அதன் கண்ணும் காலும் பயன்படா.

கிண்டியும் கோடியக்கரையும்

புழலுக்குத் தெற்கே, இதே சென்னை மாநகரில், ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புடைய கிண்டி 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்குப் புதர்க்காடெங்கும் புள்ளிமான்கள் பரவி வாழ, வெளிமான்கள் போலோ மைதானம் எனப்படும் புல்வெளியையே பெரிதும் சார்ந்துள்ளன. ஒரே வேலிக்குள் இருநிலம் காண்கிறோம்.

வெளிமானைக் காக்க 1967இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனை வேட்டையாடுவதைத் தடுத்தது. ஆயினும் சீமைக் கருவேலம் புல்வெளியில் புகுந்து பரவ, மேய்ச்சல் வெளி குறுகலாயிற்று. துப்பாக்கியைத் தடுத்த சட்டத்தால் முட்செடியைத் தடுக்க இயலவில்லை.

முடிவுரை

மரம் நடுதல் நற்செயலே. ஆயினும் மரமில்லாத நிலமெல்லாம் வெற்று நிலமன்று. ஏட்டில் தரிசு என்றும் மேய்ச்சற் புறம்போக்கு என்றும் எழுதப்படுவது ஓர் உயிரின் இல்லமாக இருக்கலாம். ஆதலின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கன்று நடப் புறப்படுமுன், அந்நிலம் முன்பு எவ்வாறிருந்தது, அங்கு எவை மேய்ந்தன என்று அவ்வூர்ப் பெரியோரிடம் கேட்டறிதல் நலம். திணை இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது புலனாகும்.