பெரிய கேம் போட்டால் வண்டி பறக்குமா?

பழைய மசில் காரைப் பிரித்து மறுபடி கட்டுகிறவர்களிடம் கேம்ஷாஃப்ட்டைப் பற்றி நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. சில வெறும் பேச்சோடு போய்விடும். சில என்ஜினையே காலி செய்துவிடும்.

“பந்தயக் கேம் போட்டால் பந்தய வேகம் வரும்.”

இதற்கு ஆதாரமாக 1967 முதல் 1969 வரை வந்த செவர்லே கமாரோ இசட்/28-ஐக் காட்டுவார்கள். அதன் 302 கன அங்குல என்ஜினில் இருந்த கேமுக்கு ‘30-30’ என்று பெயர். வால்வுகளுக்கு விட வேண்டிய இடைவெளி 0.030 அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. நல்ல கேம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது எந்த வண்டியில் இருந்தது என்று பாருங்கள். ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்கச் செய்த சிறிய என்ஜின், 11:1 கம்ப்ரஷன், பின் அச்சில் 3.73 கியர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கேட்டால் கிடைக்காது, ஏசி கேட்டாலும் கிடைக்காது. கம்பெனி அந்தக் கேமை மட்டும் தனியாகப் பொருத்தி விற்கவில்லை. அதற்குத் தோதாக முழு வண்டியையும் அமைத்துத்தான் விற்றது.

இன்று அதே கேமை 8.5:1 கம்ப்ரஷன் உள்ள 350 என்ஜினில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடும் 3.08 பின் அச்சோடும் போட்டால் என்ன ஆகும்? 26 அங்குல உயர டயரில் மணிக்கு 97 கிலோமீட்டர் ஓடும்போது அந்த என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்றுதான் சுற்றும். கேமோ 3,000-ஐத் தாண்டிய பிறகுதான் விழிக்கும். ஊருக்குள் ஓட்டுகிற நேரம் முழுக்கப் பிக்கப் இல்லாத வண்டியாகவே இருக்கும்.

காரணம் இதுதான். இத்தகைய கேம் இன்டேக் வால்வை வெகுநேரம் திறந்தே வைத்திருக்கும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு மூடாது. வேகமாகச் சுற்றும்போது, உள்ளே பாய்ந்து வரும் கலவையின் உந்துதலே அதைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும், லாபம். மெதுவாகச் சுற்றும்போது ஏறிவரும் பிஸ்டன் அந்தக் கலவையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கம்ப்ரஷன் ஏற்கெனவே குறைவு என்றால் மிஞ்சுவது இன்னும் குறைவு. அதனால் என் கருத்தில் கேம் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள். கம்ப்ரஷன், சிலிண்டர் ஹெட், பின் அச்சு கியர், டயர் உயரம், ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டர், வண்டியின் எடை எல்லாம் முடிவான பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

“ஐட்லிங்கில் தடதடத்தால் பவர் அதிகம்.”

அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பவரின் சத்தம் அல்ல. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் அந்த இடைவேளையில் எரிந்த புகை பின்னால் வந்து புதுக் கலவையில் கலக்கிறது. சில சிலிண்டர்களில் கலவை சரியாக எரிவதில்லை. அதுதான் தடதடப்பு.

“1972 வண்டிக்குப் பழைய கேமை மாற்றினால் பழைய பவர் திரும்பிவிடும்.”

1970 இசட்/28-க்கு 360 குதிரைத்திறன், 1972-இல் 255. இதைப் பார்த்ததும் கேமைச் சந்தேகிக்கிறார்கள். இடைப்பட்ட 1971-ஐப் பார்த்தால் விஷயம் விளங்கும். அந்த ஆண்டு ஒரே என்ஜினுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டன. பழைய அளவு முறையில் 330. என்ஜினை வண்டியில் இருக்கும் நிலையிலேயே, ஏர் ஃபில்டர், சைலன்சரோடு அளக்கும் புது முறையில் 275. குறைந்ததாகத் தெரிவதில் பெரும்பங்கு அளவுமுறை மாற்றம். உண்மையான இழப்பில் முக்கியமானது கம்ப்ரஷன், 11:1-இலிருந்து 9:1-க்கு இறங்கியது. குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த மாற்றம் அது. கம்ப்ரஷனில் போனதைக் கேம் திருப்பித் தராது.

“டிகிரி எண்ணை ஒப்பிட்டால் போதும்.”

எதை அளந்த எண் என்று முதலில் கேளுங்கள். மேலே சொன்ன 30-30 கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் அளவே கம்பெனி கணக்கில் 346 டிகிரி. கேமின் மேல் அமர்ந்து வால்வை இயக்கும் லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்த இடத்திலிருந்து அளந்தால் 254. ஒப்பிடுவதென்றால் 0.050 கணக்கை மட்டும் ஒப்பிடுங்கள். அதையும் என்ஜின் அளவோடு சேர்த்துப் பாருங்கள். 454-இல் சாதுவாக இருக்கும் கேம் 302-இல் முரட்டுத்தனம் காட்டும்.

“லிஃப்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பழையதே போதும்.”

ஃப்ளாட் டாப்பெட் என்ஜின்களில் அதிகம் நாசமாவது இந்த இடத்தில்தான். புது லிஃப்டர் ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தில் நேரான இரும்பு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரு ஓரங்களிலும் மெல்லிய கீற்றாக ஒளி தெரியும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கிறது. கேமின் முகடும் லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. தேய்ந்த லிஃப்டரில் ஒளி நடுவில் தெரியும். அது சுழலாது, புது முகட்டைச் சுரண்டி எடுத்துவிடும். புதுக் கேம் என்றால் புது லிஃப்டர், பேச்சே வேண்டாம். ரோலர் லிஃப்டர் மட்டுமே விதிவிலக்கு, நல்ல நிலையில் இருந்தால் மறுபடி போடலாம்.

புது வண்டியை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்தோம். புதுக் கேம் போட்ட ஃப்ளாட் டாப்பெட் என்ஜினில் அது ஆபத்து. கேம் முகடுகளுக்கு எண்ணெய், சுழலும் க்ராங்க்ஷாஃப்ட்டிலிருந்து தெறித்துத்தான் வந்து சேர்கிறது. ஐட்லிங்கில் தெறிப்பு போதாது. ஸ்டார்ட் ஆனவுடனே 2,000-க்கு மேல் ஏற்றி, 2,500 வரை ஏற்றியும் இறக்கியும் 20 முதல் 30 நிமிடம் ஓட விட வேண்டும். எண்ணெயையும் கவனியுங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக, 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. முகட்டைக் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை அதனால் குறைந்தது. பழைய என்ஜின்களுக்கென்றே அது கூடுதலாகச் சேர்த்த எண்ணெய்கள் விற்கின்றன, அதையே ஊற்றுங்கள்.

“பிரேக்குக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்?”

நேரடிச் சம்பந்தம். பவர் பிரேக் பூஸ்டர் இயங்குவது என்ஜின் இழுக்கும் வெற்றிடத்தால். சாதாரணக் கேமில் ஐட்லிங்கின்போது 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு கிடைக்கும். பெரிய கேமில் அது 10-க்கும் கீழே இறங்கலாம். பெடல் கல் மாதிரி இறுகும். வெற்றிடத் தொட்டி வைத்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும், பிறகு காலி. பெரிய கேம்தான் வேண்டும் என்றால் வெற்றிடப் பம்ப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் ஒரு படி சிறிய கேமை வாங்குங்கள். கட்டி முடித்த அன்றே, சாலையில் இறக்குவதற்கு முன், இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிட மீட்டரை மாட்டி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.