உள்ளே பேசும் குரல்
(சுயதொழில் முயற்சியாளருக்கு ஒரு பாடம்)

சுயதொழில் செய்வோருக்கான பயிற்சிகளில் நாம் பலவற்றைக் கற்பிக்கின்றோம். கணக்குப் பதிதல், விலை தீர்மானித்தல், பொதி செய்தல், சந்தைப்படுத்தல், கடன் விண்ணப்பம் நிரப்புதல் என்று மூன்று நாட்கள் போய்விடும். பின்னர் சான்றிதழ் வழங்கி, புகைப்படமும் எடுத்து அனுப்பிவிடுகின்றோம். ஆனால் அந்தச் சான்றிதழோடு வீடு திரும்பும் ஒருவர், இரவில் பாயில் சாய்ந்ததும் தமக்குத் தாமே என்ன சொல்லிக்கொள்கின்றார் என்று நாம் விசாரிப்பதில்லை. “உனக்கேன் இந்த வேலை?”, “ஊர் சிரிக்கப்போகிறது”, “படித்தவனுக்கே முடியவில்லை, உன்னால் முடியுமா?” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகின்றது. ஆறு மாதத்தில் தொழில் நின்றுபோனால், மூலதனம் போதவில்லை என்று அறிக்கையில் எழுதுகின்றோம். மூலதனம் போதாமலும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த இரவுப் பேச்சுக்கும் அதில் ஒரு பங்குண்டு. இவ்விதழில் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நெஞ்சோடு பேசுதல்

தன்னோடு தான் பேசுவது புத்தி பேதலித்தவரின் அடையாளம் என்று சிலர் நினைப்பர். உண்மையில் அது எல்லா மனிதருக்கும் பொதுவானது. சிறு பிள்ளைகள் விளையாடும்போது வாய்விட்டுத் தமக்குத் தாமே பேசுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1934இல் வெளிவந்த தமது நூலில், இந்தப் பேச்சே வளர வளர உள்ளே அடங்கி மௌனப் பேச்சாகின்றது என விளக்கினார். வேலை கடினமாகும்போது பிள்ளையின் இப்பேச்சு அதிகரிப்பதையும் அவர் கவனித்தார். புதிய தொழில் ஒன்றைத் தொடங்கியவரின் உள்ளம் ஓயாமல் பேசுவதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. திருக்குறளின் 125ஆவது அதிகாரத்தின் பெயரே ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்பதாகும். அங்கே பேசுபவள் காதலனைப் பிரிந்த பெண். சங்க அகப்பாடல்களிலோ பொருள் தேடப் புறப்படும் தலைவனும் தன் நெஞ்சோடு பேசுகின்றான். போவதா, இருப்பதா? பாலை வழி கொடியது, பொருளும் தேவை. தொழில் தொடங்க நினைக்கும் எவருக்கும் பழக்கமான வழக்குத்தான் இது. ஆனால் அத்தலைவன் தன் நெஞ்சை எதிரே நிறுத்தி, அது வேறோர் ஆள் என்பதுபோலப் பேசுகின்றான். இதுவே நாம் கவனிக்க வேண்டிய விடயம். எதிரே நிறுத்தினால்தான் அது சொல்வது சரியா பிழையா என்று சீர்தூக்கலாம். உள்ளே கலந்து கிடக்கும்வரை அது சொல்வதெல்லாம் உண்மையாகவே தோன்றும்.

தீர்ப்பும் கேள்வியும்

மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஒரு சகோதரியை நமக்குத் தெரியும். செத்தல் மிளகாய் வாங்கி, வறுத்து, மில்லில் அரைப்பித்து, சிறு பைகளில் அடைத்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்து வந்தார். கணக்குக் கொப்பி எழுதுங்கள் என்றபோது, “எனக்குக் கணக்கு வழக்கு ஒண்டும் ஏறாது பாதர், நான் எட்டாம் வகுப்போட நிண்டவள்” என்றார். நாமும் நம்பிவிட்டோம். பின்னர்தான் தெரியவந்தது, அதே சகோதரி இருபது பேர் சேர்ந்த ஒரு சீட்டை நான்கு வருடமாக நடத்தி வருகின்றார் என்பது. யார் எடுத்தது, யார் கட்டவில்லை, யாருடைய காசை யார் கையில் கொடுத்தனுப்பினார்கள், எல்லாம் அவரது தலைக்குள் இருக்கின்றது. ஒரு ரூபாவும் பிசகியதில்லை. “இது கணக்கில்லையா தங்கச்சி?” என்று கேட்டோம். “இது சீட்டெல்லோ பாதர்” என்றார்.

சிரிக்க வேண்டாம். நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று உண்டு. எப்போதோ ஓர் ஆசிரியரோ, தகப்பனோ, மாமியாரோ சொன்ன ஒரு சொல் உள்ளே தங்கிப் பிற்காலத்தில் நம்முடைய குரலிலேயே பேசத் தொடங்குகின்றது. அது தீர்ப்பு வழங்கும் குரல். “எனக்குக் கணக்கு ஏறாது” என்பது ஒரு தீர்ப்பு. அதற்கு எதிரான சான்றுகள் மாதம் தவறாமல் கையிலே வந்து சேர்ந்தாலும் அந்த நீதிமன்றம் அவற்றை ஏற்பதில்லை.

இது படியாதவர்களின் நோய் என்று படித்தவர்கள் எண்ணிவிடக் கூடாது. 1978இல் அமெரிக்காவில் போலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், பட்டமும் பதவியும் பெற்ற பெண்கள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரிடம் கண்டதை எழுதினார்கள். “எனக்குத் தகுதியில்லை, மற்றவர்களை ஏமாற்றி இங்கே வந்துவிட்டேன், என்றோ ஒருநாள் பிடிபடுவேன்” என்று அவர்களுள் பலர் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தனர். குருமடத்தில் முதல் வருடம் நமக்கும் அந்தப் பயம் இருந்தது; சில ஞாயிறுகளில் பிரசங்கத்துக்கு முன் இன்றும் வருவதுண்டு.

உள்ளே இன்னொரு குரலும் உண்டு. “பக்கத்து ஊரில் ஒருவர் குறைந்த விலைக்குக் கொடுக்கிறாராமே, என்ன செய்வது?”, “மழைக்காலத்தில் தூள் கட்டிபட்டுப் போனால்?” என்று அது கேட்கும். இதுவும் நிம்மதியைக் கெடுக்கும் குரல்தான். ஆனால் இது கேள்வி. இதற்கு விடை தேடலாம். ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்து ஊர்க் கடையில் விலை பார்த்து வரலாம். தீர்ப்பு ஆளைப் பற்றிப் பேசும். கேள்வி வேலையைப் பற்றிப் பேசும். பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாடே போதும், இரண்டையும் பிரித்தறிவதற்கு.

எந்தக் குரல் எப்போது பேசுகின்றது என்றும் பார்க்க வேண்டும். 1521இல் பம்பலோனா நகரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, வீட்டிலே மாதக்கணக்காகப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார், தம் மனத்தில் தோன்றும் எண்ணங்கள் போன பின் எதை விட்டுச் செல்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினார். சில எண்ணங்கள் வரும்போது இனித்து, போனபின் வெறுமையை விட்டுச் சென்றன. சில அமைதியை விட்டுச் சென்றன. அவர் பின்னர் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஓர் ஒழுங்கு உண்டு: மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றலாகாது. இதைச் செபத்துக்காகவே அவர் எழுதினார். ஆயினும் விற்காத சரக்கோடு சந்தையிலிருந்து திரும்பிய இரவில், “நாளையோடு இதை விட்டுவிடுவோம்” என்று முடிவெடுப்பவருக்கும் இது பொருந்தும். முடிவெடுக்கத்தான் வேண்டுமென்றால், தூங்கி எழுந்து, கொப்பியைப் பார்த்து எடுங்கள்.

நாம் செய்த தவறு

இவ்வளவும் நாம் முதலிலேயே அறிந்திருந்தோம் என்று வாசகர்கள் நினைக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாம் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்தினோம். வந்தவர்களை எழுப்பி நிறுத்தி, “என்னால் முடியும்” என்று மூன்று முறை உரக்கச் சொல்லவைத்தோம். மண்டபம் அதிர்ந்தது. நமக்கும் உற்சாகமாகவே இருந்தது.

அன்று அங்கே இருந்த ஒருவர் சங்கத்தின் சுழற்சி நிதியில் கடன் எடுத்து, 200 இறைச்சிக் கோழிக் குஞ்சுகள் வாங்கத் திட்டமிட்டிருந்தார். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வந்து, “தீன் விலை ஏறிக்கொண்டு போகுது பாதர். இன்னும் ஏறினால் என்ன செய்யிறது?” என்றார். “இப்படியே யோசித்துக்கொண்டிருந்தால் ஒருவரும் முன்னேற முடியாது” என்று தோளிலே தட்டி அனுப்பினோம்.

அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நவம்பரில் நீக்கப்பட்டபோதும் சோளச் செய்கை பாதிக்கப்பட்டாயிற்று. வெளியிலிருந்து சோளம் இறக்கவோ நாட்டில் டொலர் இல்லை. 2022இல் கோழித்தீன் விலை தாங்க முடியாதபடி ஏறியது. சில வேளைகளில் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. நாடெங்கும் சிறு கோழிப் பண்ணைகள் மூடப்பட்டன. நம்முடைய அன்பரின் கூடும் வெறுமையாயிற்று. கடனை அடைக்க மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போனது.

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த அறையில் இருந்தவர்களுள் சரியாகச் சிந்தித்தவர் அவர் ஒருவரே. கேள்வியைத் தீர்ப்பென்று எண்ணி அதன் வாயை அடைத்தவர்கள் நாம். இதில் நம்மை மிகவும் வருத்துவது பின்னால் நடந்தது. ஒரு வருடம் கழித்துச் சந்தித்தபோது அவர் சொன்னார்: “நான் ஒண்டுக்கும் உதவாதவன் பாதர். எனக்கு நம்பிக்கை போதாமல் போயிட்டுது.” நாம் ஓட்டிவிட்ட கேள்வியின் இடத்தில் ஒரு தீர்ப்பு வந்து குடியேறியிருந்தது. அதற்கு வழி விட்டவர்களும் நாமே.

கொப்பியில் இரண்டு பக்கம்

இப்போது நாம் கோஷம் போடச் சொல்வதில்லை. சாதாரண எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொடுக்கின்றோம். இடப்பக்கத்தில், மனத்தில் எழுந்த பேச்சை எழுந்தபடியே எழுதவேண்டும். “நான் விலையைக் கூட்டினால் ஒருத்தரும் வாங்கமாட்டினம்” என்று எழுதினார் மிளகாய்த்தூள் சகோதரி. வலப்பக்கத்தில், இது எனக்கு எப்படித் தெரியும், எப்போதாவது செய்து பார்த்தேனா, சிறிய அளவில் எப்படிச் செய்து பார்க்கலாம் என்று எழுதவேண்டும். அவர் செய்து பார்த்ததில்லை. பத்துப் பைகளை மட்டும் இருபது ரூபா கூட்டி, புதிய கடையொன்றில் வைத்தார். வார முடிவில் ஏழு விற்றிருந்தன. மூன்று மிஞ்சியதையும் எழுதச் சொன்னோம். ஏழை மட்டும் எழுதினால் அது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

இதன் பின்னாலுள்ள உளவியலை அல்பேர்ட் பன்டூரா 1977இல் விளக்கினார். தன்னால் இயலும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகின்றது என்றார் அவர். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அவ்வேளையில் இருக்கும் நிலை என்பவையே அவை. இவற்றுள் மிகவும் வலிமையானது முதலாவது. நாமோ வருடக்கணக்காக மூன்றாவதை மட்டுமே நம்பி மண்டபங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தோம்! இரண்டாவதற்காக நகரத்து முதலாளி ஒருவரை அழைத்து வந்து பேசவைப்பதைவிட, அதே வெயிலில் அதே தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தொழில் செய்யும் அடுத்த கிராமத்துப் பெண்ணின் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிச் செல்வது நல்லது.

மேற்கு ஆபிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் இதனைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். 1,500 சிறு தொழில் செய்வோரை மூன்றாகப் பிரித்து, 2014இல் 500 பேருக்கு வழமையான வணிகப் பயிற்சியும், 500 பேருக்குச் சுயமுனைப்புப் பயிற்சியும் அளித்தனர். மிகுதி 500 பேருக்கு எதுவும் அளிக்கவில்லை. சுயமுனைப்புப் பயிற்சி என்பது, தானாகவே தொடங்குதல், முன்கூட்டியே யோசித்தல், தடை வந்தால் மாற்று வழி தேடுதல் என்பவற்றைத் தம் சொந்தத் தொழிலிலேயே செய்து பழகுவதாகும். இரண்டு வருடங்களில் அவர்களது இலாபம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. வழமையான பயிற்சி பெற்றோரிடம் கண்ட 11 சதவீத உயர்வு, பயிற்சியால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவினதே. 2017இல் இவ்வாய்வு வெளியாயிற்று. தடை வரும் என்று எதிர்பார்ப்பதே அப்பயிற்சியின் ஒரு பகுதி என்பதைக் கவனியுங்கள். தீன் விலை ஏறினால் என்ற கேள்வி அங்கே பாடத்திட்டத்தில் இருந்திருக்கும்.

மனம் மட்டும் போதாது

ஓர் எச்சரிக்கை. மனத்தைத் திருத்தினால் வறுமை தீர்ந்துவிடும் என்று சிலர் போதிக்கின்றார்கள். இது ஏழையின் துன்பத்துக்கு ஏழையையே குற்றவாளியாக்கும் போதனை. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது, அடுப்பெரியாத வீட்டில் போய் நல்லதையே நினையுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வாரந்தோறும் நுண்கடன் தவணை கேட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது ஒரு தாயின் நெஞ்சு படபடப்பது தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. அக்கடன்களின் பாரம் எவ்வளவென்றால், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவருக்கு முதலில் வேண்டியது கடன் பற்றிய ஆலோசனையும், கூடவே அலுவலகத்துக்கு வரும் ஓர் ஆளும். கொப்பி பிறகு வரட்டும்.

நம் கோழி வளர்ப்பு அன்பர் சென்ற மாதம் வந்திருந்தார். இம்முறை பதினைந்து ஊர்க்கோழிகள். பகலில் வளவில் மேயும். மாலையில் குறுணலும் கறையானும். கடன் எடுக்கவில்லை. கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். இடப்பக்கத்தில் மூன்று ஐயங்கள். நோய் வந்தால்? கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசிக்கான நாளைக் கேட்டு வலப்பக்கத்தில் குறித்திருந்தார். கீரி பிடித்தால்? கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தியாயிற்று. மூன்றாவதற்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார்: “தவக்காலம் நாற்பது நாளும் எங்கட ஊரில முட்டை வாங்க ஆள் குறைவு பாதர். அதுக்கு என்ன செய்யிறது?”

நம்மிடமும் விடையில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக அதைச் சேர்த்திருக்கின்றோம்.